யார் கையில் அந்த ஊசி?

1998 செப்டம்பரில் பேராக் மாநிலத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், அவ்வாண்டு முடிவதற்குள் நெகிரி செம்பிலானுக்கு வந்து சேர்ந்தது. போர்ட் டிக்சன் மாவட்டத்தில், சிலாங்கூர் எல்லைக்கு அருகே இருக்கும் புக்கிட் பெலண்டோக்தான் பெரிய அடி வாங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் நம்பினார்கள். கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்த பிறகுதான் எதிரி யார் என்று தெரிந்தது. ராணுவத்தினர் இறங்கிப் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். நாடு முழுவதும் அழிக்கப்பட்டவை பத்து லட்சத்துக்கும் மேல். 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் இறந்தார்கள். வைரசுக்கு அந்த வட்டாரத்துச் சுங்கை நிப்பா கம்பத்தின் பெயரையே வைத்தார்கள்.

சரியான பரிசோதனை தாமதமானால் எத்தனை உயிர் போகும் என்பதை இந்த வட்டாரம் நேரில் கண்டது. நோயின் பெயர் ஓர் ஊரின் மேல் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் அறிந்தது. எச்.ஐ.வி. பரிசோதனையைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றிக்கொள்ளும் ஒருவர் பரிசோதனைக்கு வருகிறாரா, வராமல் ஒளிகிறாரா என்பதை எவை முடிவு செய்கின்றன? மலேசியாவிலும் சென்னையிலும் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விடை திரும்பத் திரும்ப வருகிறது. எந்தக் கை அந்தப் பரிசோதனையை நீட்டுகிறது, நீட்டிய பிறகு என்ன தருகிறது என்பதைப் பார்த்தே மனிதர்கள் முடிவெடுக்கிறார்கள்.

பூட்டிய கதவுக்குள்

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986ல் கண்டறியப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நோய் பரவிய பாதை பெரும்பாலும் ஒன்றே: பலர் கைமாற்றிக்கொண்ட ஊசி. 2002ல் புதிதாகப் பதிவான தொற்றுகள் 6,978. நாட்டின் வரலாற்றில் அதுவே உச்சம். அந்தக் காலத்தில் புதிய தொற்றுகளில் மிகப் பெரும் பங்கு ஊசி ஏற்றுவோரிடையே இருந்தது.

இவர்களில் பலருக்குத் தொற்று இருப்பது எப்படித் தெரிய வந்தது என்பதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் போதைப் பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டப்படி, சந்தேகப்படும் ஒருவரைப் பரிசோதனைக்காகப் பதினான்கு நாள் வரை காவலில் வைக்க முடிந்தது. போதைக்கு அடிமை என்று உறுதியானால் இரண்டாண்டுக்கு மறுவாழ்வு மையம். மக்கள் வாயில் ‘புசாட் செரெந்தி’. வெளியே வந்த பின்னும் கண்காணிப்பு. 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவு இன்னொரு பக்கம். தன் உடம்பில் தானே ஏற்றிக்கொண்டதற்கே இரண்டாண்டு வரை சிறையோ 5,000 ரிங்கிட் வரை அபராதமோ விதிக்க அது இடம் தருகிறது. சிறைக்குள்ளும் மையத்துக்குள்ளும் நுழைந்தவரின் இரத்தம் எடுக்கப்பட்டது. ‘எடுக்கட்டுமா’ என்று யாரும் கேட்கவில்லை.

பெரிய கோலாலம்பூர் வட்டாரத்தில் ஊசி ஏற்றும் 460 பேரிடம் 2010ல் நடத்தப்பட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையாவது பரிசோதிக்கப்பட்டிருந்தார்கள். எங்கே என்றால், சிறையும் கட்டாய மறுவாழ்வு மையமும்தான் முன்னால் நின்றன. போதைக்கான மாற்று மருந்தான மெத்தடோன் சிகிச்சைக்குப் போனவர்களிடையேயும் பரிசோதனை அதிகமாக நடந்திருந்தது. ஆக, இரண்டு வாசல்கள் வழியாக மக்கள் பரிசோதனைக்கு வந்திருக்கிறார்கள். ஒன்றில் போலீஸ் லாரி கொண்டுவந்து இறக்கியது. மற்றொன்றில் அவர்களே நடந்து வந்தார்கள்.

கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வாழ்க்கையில் அப்படி இல்லை. அதே 2010ல் இரண்டு கட்டாய மையங்களில் எச்.ஐ.வி. உள்ள 100 பேரைச் சந்தித்த ஆய்வாளர்கள், அவர்களில் ஒருவருக்கும் எச்.ஐ.வி. மருந்து கிடைக்கவில்லை என்று கண்டார்கள். நாட்டில் மருந்து இருந்தது. அரசு மருத்துவமனையில் முதல்நிலை மருந்து இலவசமாகவும் கிடைத்தது. முள்வேலிக்கு உள்ளே மட்டும் அது வரவில்லை. இரத்தத்தை எடுத்து, நோயின் பெயரைச் சொல்லி, மருந்தைத் தராமல் விடும் இடத்தைப் பற்றிய செய்தி வெளியே எப்படிப் பரவும் என்று சொல்லத் தேவையில்லை. விடுதலையான ஒருவர் தன் கூட்டாளியிடம் சொல்லும் கதையே, அந்தக் கூட்டாளி கிளினிக் வாசலை மிதிப்பாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

கட்டாயம் போதையையாவது நிறுத்தியதா? 2017ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியான மலேசிய ஆய்வு, கட்டாய மையத்திலிருந்து வெளிவந்தவர்களையும் தாமாக மெத்தடோன் சிகிச்சைக்குச் சென்று வெளிவந்தவர்களையும் தொடர்ந்து கவனித்தது. முதல் கூட்டத்தினர் மீண்டும் போதைக்குத் திரும்ப எடுத்த இடைநிலைக் காலம் 31 நாள். இரண்டாம் கூட்டத்தினருக்கு 352 நாள்.

சென்னையின் முதல் குழாய்கள்

காவலில் இருப்பவரின் இரத்தத்திலிருந்து கதை தொடங்குவது மலேசியாவில் மட்டும் நடந்ததல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ல், சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழில் செய்த பெண்களின் இரத்த மாதிரிகளை அலைந்து திரிந்து சேகரித்தார். அந்தப் பெண்களில் பலர் அரசுக் காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்தவர்கள். எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. ஓர் இளம் மருத்துவ மாணவியின் துணிச்சல் ஒரு நாட்டின் கண்ணைத் திறந்தது. ஒப்புதல் என்ற சொல் அன்று மருத்துவமனைப் பேச்சிலேயே இல்லை. 2017ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம்தான், விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறாமல் பரிசோதிக்கக் கூடாது என்று இந்தியாவில் எழுதி வைத்தது.

சுனிதி சாலமன் 1993ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம், சென்னையில் ஊசி ஏற்றுவோரை 2005 முதல் தொடர்ந்து கவனித்தது. அன்று அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் தொற்று இருந்தது. பிறகு இந்தியாவின் பல நகரங்களில் நடத்திய பெரிய கணக்கெடுப்பில் இன்னொரு உண்மை தெரிந்தது. தொற்று உள்ள ஊசி ஏற்றுவோரில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்திருந்தவர்கள் நூற்றுக்கு 41 பேரே. மீதி 59 பேர் மருந்தில்லாமல், அறியாமல் இருந்தார்கள்.

இதை மாற்ற என்ன செய்யலாம் என்று பார்க்க அதே குழுவினர் பெரிய முயற்சி ஒன்றில் இறங்கினார்கள். இந்தியாவின் 22 இடங்களில் பாதியில், பரிசோதனை, ஊசி மாற்று, போதைக்கான மாற்று மருந்து, ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் மையங்களை அமைத்தார்கள். 2019ல் வெளிவந்த முடிவு கலவையானது. ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், மையம் இருந்த இடங்களில் பரிசோதனை சற்றுக் கூடியிருந்தாலும், அது தற்செயலாக இருக்கலாம் என்ற ஐயத்தைப் புள்ளிவிவரம் விலக்கவில்லை. மையத்துக்கு உண்மையில் வந்தவர்களை மட்டும் பார்த்தால் படமே வேறு: வராதவர்களைவிட அவர்கள் அண்மையில் பரிசோதித்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். நல்ல இடம் கட்டினால் வந்தவருக்குப் பயன் உண்டு. வராதவரை வரவழைப்பது தனி வேலை.

வராதவர் ஏன் வருவதில்லை

முதல் காரணம் பயம். அந்தப் பயம் இரட்டை. ஊசி ஏற்றுபவர் என்று தெரிந்தால் போலீஸ். எச்.ஐ.வி. என்று தெரிந்தால் ஊர். இரண்டில் எது பெரிது என்பது ஆளைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது. நகரத்தில் போலீஸ் பயம் முந்தும். தோட்டப்புறத்தில் ஊர்ப் பயம் முந்தும்.

தோட்டப்புறத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும். பால்மரக் காலத்தில் வரிசை வீடுகளில் ஒரு வீட்டில் இருமினால் நான்காம் வீட்டில் கேட்கும். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸருக்கு எல்லாருடைய உடம்பும் தெரியும். எல்லாருக்கும் டிரஸரைத் தெரியும். செம்பனை வந்து, வரிசை வீடுகள் உடைந்து, பலர் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போன பிறகும் அந்த நெருக்கம் முழுதாக விலகவில்லை. கிளினிக்கில் கார்டு எழுதுபவர் அத்தையின் மகளாக இருக்கலாம். காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் உட்காருபவர் கோயில் தலைவராக இருக்கலாம். ‘எதுக்கு வந்தே?’ என்ற சாதாரணக் கேள்வியே ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடும். இரகசியம் காப்போம் என்று சுவரில் ஒட்டிய காகிதத்தால் அந்தப் பெஞ்சை மறைக்க முடியாது.

இரண்டாவது, உடம்பு. ஆண்டுக்கணக்கில் ஊசி ஏற்றியவரின் இரத்த நாளங்கள் இறுகி, சுருங்கிப் போயிருக்கும். நர்ஸ் ஊசியை எடுத்து நாலைந்து இடத்தில் குத்தி, இரத்தம் வராமல் சலித்துக்கொண்டால், அந்த அவமானத்துக்காகவே அவர் அடுத்த முறை வரமாட்டார். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து இருபது நிமிடத்தில் முடிவு சொல்லும் துரிதப் பரிசோதனை இதைப் பெருமளவு தீர்க்கிறது. வாய் ஈறைத் துடைத்தெடுத்துச் சோதிக்கும் முறையும் உண்டு. இன்னொரு உடல் நிலையும் இருக்கிறது: ஹெரோயின் கிடைக்காமல் நடுங்கிக்கொண்டிருப்பவரால் முன்னாலோசனை, பின்னாலோசனை என்று இரண்டு மணி நேரம் உட்கார முடியாது. ஒரு வாரம் கழித்து வந்து முடிவைக் கேட்டுக்கொள் என்றால், அந்த ஒரு வாரத்தில் அவர் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது.

மூன்றாவது, பணமும் நேரமும். பரிசோதனை இலவசம். போய்வருவது இலவசமில்லை. நாள்கூலிக்குப் பழக்குலை வெட்டுபவர் காலை வேலையை விட்டுக் கிளினிக்கில் நின்றால் அன்றைய சம்பளம் போகும். மோட்டார் சைக்கிள் இல்லாதவருக்கு போர்ட் டிக்சனும் சிரம்பானும் தொலைவு. மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ திறந்திருக்கும் பரிசோதனை மேசை, சுவரொட்டிகளைவிட அதிகம் சாதிக்கும்.

நான்காவது, ‘எனக்கு வராது’ என்ற நினைப்பு. தெரியாதவரோடு ஊசியைப் பகிராமல், நம்பிய கூட்டாளியோடு மட்டும் பகிர்பவர் தன்னை ஆபத்துக்கு வெளியே வைத்துக்கொள்கிறார். அந்தக் கூட்டாளி சிறையில் யாரோடு பகிர்ந்தார் என்பது கணக்கில் வருவதில்லை. முன்பொரு முறை சிறையில் எடுத்த இரத்தத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்ததே போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஊசி ஏற்றும் வரை, ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் பொறுமையாகச் சொன்னதில்லை.

ஐந்தாவது, தெரிந்துகொண்டு என்ன செய்வது என்ற கேள்வி. 1990களில் இதற்கு நல்ல பதில் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. தினம் ஒரு மாத்திரை, ஏறத்தாழ முழு ஆயுள். வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கினால் உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றாது. இந்தச் செய்தி மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாலத்தடியில் ஊசி ஏற்றுபவருக்குத் தெரியுமா என்பதே கேள்வி. எச்.ஐ.வி. என்றால் சாவு என்ற பழைய சுவரொட்டியின் பயம்தான் பலரிடம் இன்னும் நிற்கிறது.

வாசலை மாற்றியபோது

2005 அக்டோபரில் மலேசியா மெத்தடோன் சிகிச்சையை முன்னோட்டமாகத் தொடங்கியது. 2006 தொடக்கத்தில் ஊசி மாற்றுத் திட்டம் வந்தது. பழைய ஊசியைக் கொடுத்துப் புதியதை வாங்கிச் செல்லலாம். போதையை அரசே வளர்க்கிறதா என்று சமயத் தலைவர்களும் அரசியல்வாதிகளும் கொதித்தார்கள். மலேசிய எய்ட்ஸ் மன்றமும், அதற்குத் தலைமை வகித்த மரினா மகாதீர், டாக்டர் அடீபா கமருல்சமான் போன்றவர்களும் பொறுமையாக வாதாடினார்கள். அரசு பின்வாங்கவில்லை.

விளைவு எண்களில் தெரிகிறது. ஊசி ஏற்றுவோரிடையே தொற்று விகிதம் 2012ல் நூற்றுக்கு 19ஐ நெருங்கியிருந்தது. 2017ல் 13 அளவுக்கு இறங்கியது. நாடு முழுவதும் ஆண்டுக்குப் பதிவாகும் புதிய தொற்றுகள் 2002ன் உச்சத்தில் பாதிக்கும் கீழே வந்தன. இன்று புதிய தொற்றுகளில் பெரும்பாலானவை உடலுறவு வழியாக வருகின்றன. ஊசி வழி வருபவை சிறு பங்கு.

ஊசி மாற்றுத் திட்டம் பரிசோதனைத் திட்டமாகத் தொடங்கப்பட்டதல்ல. ஆனால் அது பரிசோதனைக்கு ஒரு வாசலைத் திறந்தது. வாரத்துக்கு ஒரு முறை வந்து ஊசி வாங்கிச் செல்பவரை அங்குள்ள ஊழியருக்குப் பெயரோடு தெரியும். அந்த ஊழியரே முன்பு ஊசி ஏற்றியவராகவும் இருப்பார். ‘வாங்கண்ணே, நானும் போய்ப் பார்த்துக்கிட்டேன்’ என்று அவர் சொல்லும்போது அதில் அதிகாரம் இல்லை. மெத்தடோன் குடிக்கத் தினமும் வருபவரிடம், இன்று முடியாவிட்டால் நாளை என்று பரிசோதனையைப் பற்றிப் பேசலாம். 2010ல் கோலாலம்பூரில் உள்ள அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெத்தடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். மக்கள் நம்பி நுழையும் இடத்துக்கே மருந்து போனது. அதே ஆண்டிலிருந்து தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம் தன் கட்டாய மையங்கள் சிலவற்றைத் தாமாக வந்து சேரக்கூடிய ‘க்யூர் அண்ட் கேர்’ மையங்களாக மாற்றத் தொடங்கியது.

வாசல் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. இண்டியானா மாநிலத்தின் ஸ்காட் கவுண்டியில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவந்த சிறிய கிளினிக் 2013ல் மூடப்பட்டது. அங்கே ஆஸ்டின் என்ற சிற்றூரில் நாலாயிரம் பேருக்குச் சற்றே மேல். வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது அங்கே பரவியிருந்தது. 2014 இறுதியில் தொற்று தெரியவந்தபோது அது ஏற்கெனவே வேரோடிவிட்டது. 200க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். புக்கிட் பெலண்டோக் போன்ற இடங்களுக்குக் கோலாலம்பூரின் கதையைவிட ஆஸ்டினின் கதை நெருக்கமானது. கூட்டம் சிறியது, தொலைவு அதிகம், அரசின் கணக்கில் முக்கியத்துவம் குறைவு. இத்தகைய இடத்தில் எவரும் பரிசோதிக்கப்படாமல் இருப்பதை, நோய் இல்லை என்று தவறாக எடுத்துக்கொள்வது எளிது.

கணக்கில் வராத பெண்கள்

இந்தத் துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்களைப் பற்றியவை. ஊசி ஏற்றும் பெண்கள் எண்ணிக்கையில் குறைவு, மறைவு அதிகம். பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம், ஆணுக்கு இல்லாத அவச்சொல், ஆண்களே நிறைந்த மெத்தடோன் வரிசை ஆகியவை அவர்களை இன்னும் தள்ளி நிறுத்துகின்றன. அவர்களுக்கென்று தனி நேரமும் பெண் ஊழியரும் இல்லாத மையம், கதவு திறந்திருந்தாலும் அவர்களுக்கு மூடியதுதான்.

ஊசியைத் தொட்டே அறியாத மனைவிகளின் நிலை வேறு. மலேசிய அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கான எச்.ஐ.வி. பரிசோதனை 1998ல் நாடு தழுவிய திட்டமாகத் தொடங்கியது. அதன் பலன் பெரிது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் கிரந்தி நோயும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018ல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று தந்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இதைப் பெற்ற முதல் நாடு மலேசியா. இந்தத் திட்டத்தில் பரிசோதனை ஒரு தண்டனையின் பகுதியாக வரவில்லை. எடை பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரை தருவது போன்ற பராமரிப்பின் பகுதியாக வந்தது. முடிவு பாதகமாக இருந்தால் மருந்துக்கு வழி செய்யப்படுகிறது. அதனால்தான் பெண்கள் பயமின்றிக் கை நீட்டுகிறார்கள்.

ஆனால் குடும்பத்தில் யாருக்கு முதலில் தெரியவருகிறது என்பதையும் இது மாற்றிவிடுகிறது. கணவன் பத்தாண்டாக ஊசி ஏற்றியிருப்பான். ஒரு நாளும் தானாகப் பரிசோதனைக்குப் போயிருக்க மாட்டான். மனைவிக்கு மூன்றாம் மாதத்தில் செய்தி வரும். அவள் வழியாக அது வீட்டுக்குள் வரும். பழியும் அவள் மேல்தான் முதலில் விழும். இப்படிப்பட்ட வீட்டில் கணவனைக் கிளினிக்குக்கு அழைத்துவரும் வேலையையும் அவள் தலையில் வைத்தால் அது நியாயமாகாது. இருவரையும் ஒன்றாக அழைத்துப் பேசும் முறையும், கணவனிடம் நேரில் போய்ப் பேசத் தமிழ் தெரிந்த களப்பணியாளரும் வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல. விரல் குத்தும் பரிசோதனை, மாலை நேர மேசை, மெத்தடோனும் புது ஊசியும் அதே இடத்தில், முடிவு அன்றே, மருந்து அந்த வாரமே. போலீஸ் அந்த வளாகத்துக்குள் வராது என்ற எழுத்துபூர்வமான உறுதி. பள்ளிவாசலில் மெத்தடோன் கொடுக்க முடிந்த நாட்டில், தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு மாலை பரிசோதனை மேசை போட முடியும். வீட்டிலேயே தனியாகச் செய்துகொள்ளும் பரிசோதனைக் கருவியை 2016லேயே உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. பெஞ்சில் உட்காரக் கூச்சப்படுபவருக்கு அது உதவும். முடிவைப் பார்த்துத் திகைத்து நிற்கும்போது கூப்பிட ஒரு தமிழ்க் குரல் இருந்தால்.

பன்றிப் பண்ணைகள் போன புக்கிட் பெலண்டோக்கில் இன்று செம்பனை வரிசை வரிசையாக நிற்கிறது. 1999ல் வீடு வீடாக இறங்கி இரத்தம் எடுத்த சுகாதாரப் பணியாளர்களை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் கர்ப்பமான ஒவ்வொரு பெண்ணின் இரத்தமும் முதல் மாதங்களிலேயே பார்க்கப்படுகிறது. ஊசி ஏற்றும் அவள் கணவனுடையது, பெரும்பாலும் அவன் கைதானால்தான் பார்க்கப்படும்.